துரை மேசையிலிருந்து நம் கைக்கு வந்த செய்தி



அந்தக் காலத்தில் தோட்டத்தில் ஒரு செய்தி தெரிய வேண்டுமானால் அது பெரட்டில்தான் தெரியும். விடிவதற்கு முன், இருட்டோடு இருட்டாக எல்லாரும் வந்து நிற்பார்கள். தண்டல் பெயர் கூப்பிடுவார். "இன்னிக்கு மூணாம் நம்பர் காட்டுக்கு மருந்தடிக்கப் போறோம்" என்பார். அது என்ன மருந்து? உடம்புக்கு என்ன செய்யும்? யாரும் கேட்க மாட்டார்கள். கேட்டாலும் தண்டலுக்குத் தெரியாது. விவரம் கிராணியாரின் ஆபீசில் இருந்ததோ, துரையின் மேசையில் இருந்ததோ, யார் கண்டது?

ஆனால் விவரம் என்னவோ இருக்கத்தான் செய்தது. இந்நாட்டில் அரசாங்கமும் அரசாங்கத்தின் ஆராய்ச்சிக் கூடங்களும் நூறு ஆண்டுகளுக்கு மேலாக நோயைப் பற்றியும், மரத்தைப் பற்றியும், காற்றைப் பற்றியும் ஆராய்ந்து எழுதி வந்திருக்கின்றன. அந்த ஆராய்ச்சிகளில் பல நம்மைப் போன்ற உழைப்பாளிகளின் உடம்பையும் உழைப்பையும் பற்றியவை. எழுதப்பட்டது நம்மைப் பற்றி. படித்தது வேறு யாரோ. இன்று அந்த நிலை மாறி, அரசாங்கத்தின் அறிவியல் செய்தி கைப்பேசியில் நம் கைக்கே வருகிறது. இந்த மாற்றம் எப்படி வந்தது, அதை நாம் பயன்படுத்துகிறோமா என்பதைச் சொல்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

கிள்ளான் சதுப்பும் மலைத் தோட்டத்து ஓடையும்

மலாயாவில் ரப்பர் தோட்டங்கள் பெருகத் தொடங்கிய நேரத்தில்தான், 1900-ஆம் ஆண்டில், கோலாலம்பூரில் மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் தோன்றியது. நோய்களின் காரணத்தைக் கண்டறிவதே அதன் வேலை. அதற்கு மூன்று ஆண்டுகளுக்கு முன்புதான், 1897-இல், இந்தியாவின் செகந்திராபாத்தில் ரொனால்ட் ராஸ் என்ற மருத்துவர் மலேரியாக் கிருமியைக் கொசுவின் வயிற்றில் கண்டுபிடித்திருந்தார்.

1901-இல் மல்கம் வாட்சன் என்ற இளம் டாக்டர் கிள்ளான் மாவட்டத்திற்கு அரசாங்க மருத்துவராக வந்தார். அதே ஆண்டில்தான் போர்ட் சுவெட்டன்ஹம் துறைமுகமும், அதாவது இன்றைய போர்ட் கிள்ளானும், திறக்கப்பட்டது. திறந்த சில வாரங்களிலேயே வேலையாட்கள் ஒருவர் பின் ஒருவராகக் காய்ச்சலில் விழுந்தார்கள். வாட்சன் சதுப்பு நிலத்தில் வடிகால் வெட்டி, காட்டைத் திருத்தி, நீர் தேங்காமல் செய்தார். காய்ச்சல் சரசரவென்று குறைந்தது.

இத்துடன் கதை முடிந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். ஆனால், கடலோரத்தில் காட்டை அழித்ததால் மலேரியா போனது என்று பார்த்து, மலைப்பாங்கான தோட்டங்களிலும் அவ்வாறே அழித்தால், அங்கே மலேரியா போகவில்லை. கூடத்தான் செய்தது! காரணம் என்ன? கொசுவில் பல வகை உண்டு. கடலோரச் சதுப்பில் மலேரியாவைப் பரப்பிய கொசு, காட்டு நிழலில் தேங்கிய நீரில் முட்டையிடும். நிழல் போனால் அதுவும் போகும். மலையில் இருக்கும் கொசுவோ வேறு ஜாதி. அதற்கு வெயில் படும் தெளிந்த ஓடை நீர்தான் பிடிக்கும். காட்டை வெட்டி ஓடையில் வெயில் விழச் செய்தால், நாமே அதற்குத் தொட்டில் கட்டிக் கொடுத்த மாதிரி.

இதை வாட்சன் பொறுமையாக ஆராய்ந்து கண்டறிந்தார். மலைத் தோட்டங்களில் ஓடை நீரை மண்ணுக்கடியில் குழாய் வழியாக விடுவதும், பிறகு நீரின் மேல் எண்ணெய் தெளிப்பதும் வழக்கத்திற்கு வந்தன. நம் பாட்டன்மார்களில் சிலர் முதுகில் டின்னைக் கட்டிக்கொண்டு ஓடை ஓடையாக 'எண்ணெய் அடிக்கும் வேலை' செய்தது இதனால்தான். வாட்சன் தம் ஆராய்ச்சியை 1911-இல் ஆங்கிலத்தில் புத்தகமாகவும் வெளியிட்டார்.

இதில் நாம் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. ஒரே வேலை ஓர் இடத்தில் உயிரைக் காத்தது, இன்னோர் இடத்தில் உயிரைக் குடித்தது. சரியான செய்தி தெரிந்த தோட்டம் பிழைத்தது. தெரியாத தோட்டத்தில் லயத்துக்கு லயம் ஒப்பாரி கேட்டது. ஊரிலிருந்து கப்பலேறி வந்த நம் மக்களில் எத்தனையோ பேர் கொய்னா மருந்து கசக்கும் வாயோடு அப்படித்தான் மண்ணுக்குள் போனார்கள்.

நம் புழுங்கலரிசியின் பெருமை

அதே காலத்தில் இன்னொரு கொடிய நோய் இருந்தது. அதன் பெயர் பெரிபெரி. கால் மரத்துப் போகும், வீங்கும், கடைசியில் இருதயம் நின்றுவிடும். ஈயச் சுரங்கங்களில் வேலை செய்த சீனத் தொழிலாளர்கள் ஆயிரக்கணக்கில் மாண்டார்கள். ஆனால் தமிழர்களுக்கு இந்நோய் வருவது அபூர்வமாக இருந்தது. ஏன்?

நெகிரி செம்பிலானில் அரசாங்க மருத்துவராக இருந்த பிராடன் என்பவர் இதைக் கவனித்தார். சீனர்கள் தீட்டிய வெள்ளைப் பச்சரிசி சாப்பிட்டார்கள். தமிழர்கள் புழுங்கலரிசி சாப்பிட்டார்கள். நோயின் காரணம் அரிசியில் இருக்கிறது என்று 1907-இல் அவர் ஒரு நூலே எழுதினார். கோலாலம்பூர் மனநோய் மருத்துவமனையில் பிளெட்சர் என்ற டாக்டர் நோயாளிகளை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்கு வெள்ளை அரிசியும் மறு பிரிவுக்குப் புழுங்கலரிசியும் கொடுத்துப் பார்த்தார். வெள்ளை அரிசிப் பிரிவில் பலருக்கு நோய் கண்டது, பலர் இறந்தும் போனார்கள். புழுங்கலரிசிப் பிரிவில் நோய் ஏறக்குறைய இல்லை. 1909-இல் மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தைச் சேர்ந்த பிரேசர், ஸ்டேண்டன் இருவரும் சாலை போடும் ஜாவாத் தொழிலாளர்களிடையே இதையே மீண்டும் சோதித்து உறுதி செய்தார்கள்.

நெல்லை உமியோடு ஊறவைத்து அவிக்கும்போது, தவிட்டை ஒட்டியிருக்கும் உயிர்ச்சத்து அரிசிக்குள் இறங்கிவிடுகிறது. பிறகு தீட்டினாலும் முழுவதும் போவதில்லை. இன்று நாம் வைட்டமின் பி-1 என்று சொல்லும் அந்தச் சத்தை 1926-இல் ஜாவாவில் தனியாகப் பிரித்தெடுத்தார்கள். 'புழுங்கலரிசிதான் வயிறு தாங்கும்' என்று நம் பாட்டிமார் சொன்னதற்குள் அறிவியல் இருந்தது. அதை நிரூபித்ததும் இதே மண்தான்.

இந்தச் செய்தியும் ஆங்கிலத்தில் அறிக்கையாக அச்சானது. சோறு உண்டவனும், நோயில் விழுந்தவனும் அந்த அறிக்கையைப் படித்திருக்க முடியாது. அவனுக்குப் பள்ளிக்கூடமும் இல்லை, ஆங்கிலமும் இல்லை.

மரம் வெட்டியவன் பணமும் ஆராய்ச்சியும்

ரப்பரின் கதையும் இதேதான். 1888-இல் சிங்கப்பூர் தாவரத் தோட்டத்திற்குப் பொறுப்பாளராக வந்த ரிட்லி, மரத்தைச் சாகடிக்காமல் பட்டையை மட்டும் மெல்லிதாகச் சீவிப் பால் எடுக்கும் முறையைக் கண்டுபிடித்தார். அவரும் ஓர் அரசாங்க ஊழியர். தம் ஆய்வுகளை அரசாங்கத்தின் விவசாய இதழில் எழுதினார். நம் பெற்றோர் உளியைப் பிடித்த பிடி அந்த ஆராய்ச்சியிலிருந்து பிறந்ததாகும்.

பிறகு 1925-இல் சட்டம் இயற்றப்பட்டு ரப்பர் ஆராய்ச்சிக் கழகம் உருவானது. அதற்குப் பணம் எங்கிருந்து வந்தது? ஏற்றுமதியாகும் ரப்பரின் மீது விதிக்கப்பட்ட வரியிலிருந்து. அதாவது, மங்கில் சொட்டிய ஒவ்வொரு சொட்டுப் பாலிலும் ஆராய்ச்சிக்கு ஒரு பங்கு இருந்தது. அந்தக் கழகம் உருவாக்கிய 600-ஆம் எண் ஒட்டுமரம் பழைய விதை மரத்தைவிடப் பல மடங்கு பால் தந்தது. தோட்டக்காரர்களுக்கென்று ஆங்கில இதழும் வந்தது. அது துரை பங்களாவுக்கும் ஆபீசுக்கும் போனது. லயத்துக்கு வந்தது மரம் மட்டும்தான்.

1998-இல் இக்கழகம் மலேசிய ரப்பர் வாரியத்தில் இணைந்தது. 2000-ஆம் ஆண்டில் மலேசியச் செம்பனை எண்ணெய் வாரியம் அமைந்தது. இன்று எங்கள் பள்ளியைச் சுற்றி ரப்பர் மரம் ஒன்றுகூட இல்லை, எல்லாம் செம்பனைதான். அன்றாடச் செம்பனை விலையை அந்த வாரியம் இணையத்தில் போடுகிறது. இரண்டு ஏக்கர் வைத்திருப்பவரும் பார்க்கலாம், இருபதாயிரம் ஏக்கர் கம்பெனியும் பார்க்கலாம்.

என் அம்மாவின் விரல்கள்

இனி என் வீட்டுக் கதையைச் சொல்கிறேன். என் அம்மா மருந்தடிக்கும் வேலை செய்தவர். தோட்டத்தின் பெயர் வேண்டாம். காலையில் பெரட்டு முடிந்ததும் முதுகில் பம்ப்பைச் சுமந்துகொண்டு போவார். புல்லைக் கருக்கும் அந்த மருந்தில் பாராகுவாட் என்ற இரசாயனம் இருந்தது. தண்ணீர் கலக்கும்போது கையில் படும். வெயிலில் முகமூடி போட்டால் மூச்சு முட்டுகிறது என்று துண்டைத்தான் கட்டுவார்கள். என் அம்மாவின் விரல் நகங்கள் வெளுத்து, வெடித்து, சில விழுந்தன. சில நாள் மூக்கிலிருந்து இரத்தம் வரும். "வெயில் சூடுப்பா, ஒண்ணும் இல்ல" என்பார்.

நகம் விழுவதும், மூக்கில் இரத்தம் வருவதும் பாராகுவாட்டின் அறியப்பட்ட அறிகுறிகள் என்று நான் ஆசிரியர் பயிற்சிக்குப் போன பிறகுதான் படித்தேன். அதை விழுங்கினால் மாற்று மருந்து கிடையாது என்பதையும் அப்போதுதான் அறிந்தேன். நம் அரசாங்கம் 2002-இல் அதைப் படிப்படியாகத் தடை செய்வதாக அறிவித்தது. 2006-இல் அந்தத் தடை தளர்த்தப்பட்டது. கடைசியாக 2020 ஜனவரி முதல் நாளிலிருந்து முற்றாகத் தடை செய்யப்பட்டது. இவ்வளவும் நடந்தபோது, அதை முதுகில் சுமந்த என் அம்மாவுக்கு ஒரு வரிகூடத் தெரியாது. தடை போட்டதும் தெரியாது, எடுத்ததும் தெரியாது.

போன வருடம் இதையெல்லாம் கைப்பேசியில் காட்டி விளக்கினேன். அம்மா கொஞ்ச நேரம் தம் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். "இது அப்பவே தெரிஞ்சிருந்தா கையுறையாவது கேட்டு வாங்கியிருப்போமேப்பா" என்றார். வேறொன்றும் சொல்லவில்லை. இக்கட்டுரையை எழுதத் தூண்டியது அந்த ஒரு வார்த்தைதான்.

புகைமூட்டமும் ஓர் எண்ணும்

செய்தி அரசாங்கத்திடம் இருப்பது வேறு, மக்களிடம் வருவது வேறு. இதற்கு ஓர் உதாரணம் நம் கண்முன்னே நடந்தது.

1997-இல் பெரும் புகைமூட்டம் வந்தது. சரவாக்கில் காற்றுத் தூய்மைக்கேட்டுக் குறியீடு 800-ஐத் தாண்டி, அவசரநிலை அறிவிக்கப்பட்டது. இந்தக் குறியீடு 50 வரை இருந்தால் நல்ல காற்று, 100 வரை நடுத்தரம், 100-க்கு மேல் சுகாதாரக் கேடு, 200-க்கு மேல் மிகுந்த கேடு, 300-க்கு மேல் ஆபத்து. அதன் பின்னர் சில ஆண்டுகள், சுற்றுப்பயணிகள் வராமல் போய்விடுவார்கள் என்ற அச்சத்தினால், இந்த எண் பொதுமக்களுக்கு வெளியிடப்படாமல் இருந்தது. கருவி அளந்துகொண்டுதான் இருந்தது. நமக்குத்தான் தெரியவில்லை.

2005 ஆகஸ்டில் மறுபடியும் புகை வந்தது. நான் அப்போது சிலாங்கூர் கடலோரத்தில் படிவம் மூன்று மாணவன். எதிர் லயம் கண்ணுக்குத் தெரியவில்லை. ஆயக்கொட்டகைக் குழந்தைகள் இருமிக்கொண்டே கிடந்தார்கள். மூடி வைத்தால் இனி முடியாது என்ற நிலையில் அரசாங்கம் எண்ணை வெளியிடத் தொடங்கியது. ஆகஸ்ட் 11-ஆம் நாள் போர்ட் கிள்ளானிலும் கோலசிலாங்கூரிலும் குறியீடு 500-ஐத் தாண்டியதால் அவசரநிலை அறிவிக்கப்பட்டது. எண் தெரிந்த பிறகுதான் ஜனங்கள் சன்னலை அடைத்தார்கள், பிள்ளைகளை உள்ளே வைத்தார்கள். இன்று சுற்றுச்சூழல் துறை மணிக்கு மணி இந்த எண்ணை இணையத்தில் போடுகிறது. அது சும்மா வந்த வசதி அல்ல என்பதை மாணவர்கள் நினைவில் வைக்க வேண்டும்.

இன்று நாம் எங்கே தேடுவது?

நம் நாட்டில் 1985-இல் மிமோஸ் என்ற நிறுவனம் தொடங்கப்பட்டு, 1990-களின் தொடக்கத்தில் அதன் ஜாரிங் இணையச் சேவை வந்தது. 1996-இல் மல்டிமீடியா பெருவழித் திட்டம் வந்தது. அரசாங்க இலாகாக்கள் ஒவ்வொன்றாக அகப்பக்கம் திறந்தன. கோவிட் காலத்தில், 2021-இல், சுகாதார அமைச்சு நோயின் அன்றாடக் கணக்கை எவரும் எடுத்துப் பார்க்கும்படி திறந்து வைத்தது. அதன் பிறகு அரசாங்கத்தின் பொதுத் தரவுத் தளமும் புதுப்பிக்கப்பட்டது.

ஆனாலும் நம்மில் பலர் இன்னும் புலனத்தில் வருவதைத்தான் நம்புகிறோம். சென்ற ஆண்டு ஒரு தாயார் பள்ளிக்கு ஒரு மாத்திரைப் பாட்டிலைக் கொண்டு வந்தார். "சார், இது இனிப்பு நீரை அடியோட போக்கிடுமாம். கிளினிக் மருந்த நிறுத்திடலாம்னு சொல்றாங்க" என்றார். பாட்டிலைத் திருப்பிப் பார்த்தேன். நம் நாட்டில் பதிவான மருந்தில் எம்.ஏ.எல். என்று தொடங்கும் ஓர் எண் இருக்க வேண்டும். அதில் ஓர் எண் இருந்தது. ஆறாம் ஆண்டு மாணவி ஒருத்தியைக் கூப்பிட்டு, தேசிய மருந்து ஒழுங்குமுறை முகமையின் தளத்தில் அந்த எண்ணைத் தேடச் சொன்னேன். அந்த எண் வேறு ஏதோ ஒரு மருந்துக்கு உரியது! தாயாரின் முகம் மாறிவிட்டது. "கிளினிக் மருந்தை நிறுத்தாதீங்கம்மா, இந்தப் பாட்டிலையும் டாக்டரிடம் காட்டுங்க" என்று அனுப்பி வைத்தேன். பாட்டிமருந்தாக இருந்தாலும், பாக்கெட் போட்டு விற்றால் அதற்கும் பதிவு எண் வேண்டும். அந்த எண் 'டி' என்ற எழுத்தில் முடியும்.

ஆகவே, பெற்றோர்கள் கீழ்க்கண்டவற்றை மனத்தில் வைத்தால் போதும்.

முதலாவது, முகவரியின் முடிவைப் பாருங்கள். மலேசிய அரசாங்கத் தளத்தின் பெயர் 'ஜி-ஓ-வி', புள்ளி, 'எம்-ஒய்' என்று முடியும். அதற்குப் பிறகு வருவது சாய்கோடாக இருக்க வேண்டும். நடுவில் அந்த எழுத்துகள் இருந்து, கடைசியில் வேறு ஏதாவது இருந்தால் அது போலி.

இரண்டாவது, எந்தக் கேள்விக்கு எந்த இலாகா என்று தெரிந்துகொள்ளுங்கள். மழைக்கும் புயலுக்கும் வானிலை ஆய்வுத் துறை. ஆற்று வெள்ளத்திற்கு வடிகால் நீர்ப்பாசனத் துறை. புகைக்குச் சுற்றுச்சூழல் துறை. பூச்சிமருந்துக்கு விவசாயத் துறை. டெங்கி எந்த வட்டாரத்தில் பரவுகிறது என்பதற்கு ஐ-டெங்கி தளம்.

மூன்றாவது, தேதியைப் பாருங்கள். நேற்றைய புகை எண் இன்றைக்கு உதவாது.

நான்காவது, அரசாங்கம் சொன்னாலும் கேள்வி கேட்கப் பழகுங்கள். யார் அளந்தார்கள், எங்கே அளந்தார்கள், பக்கத்து நிலையம் என்ன சொல்கிறது என்று பாருங்கள். கிள்ளானுக்குச் சரியானது மலைத் தோட்டத்துக்குச் சரியாகவில்லை என்பதை மறக்க வேண்டாம்.

பிள்ளைகளே பாலம்

ஒரு குறையைச் சொல்லாமல் இருக்க முடியாது. இச்செய்திகளில் பெரும்பகுதி மலாயிலும் ஆங்கிலத்திலும்தான் உள்ளது. தமிழில் வருவது சில துண்டுப் பிரசுரங்களே. நூறு வருடத்துக்கு முன் தாத்தாவைத் தடுத்த அதே சுவர் இன்னும் பாதி நிற்கிறது. ஆனால் இப்போது ஒரு வித்தியாசம் உண்டு. நம் பிள்ளைகள் மூன்று மொழியும் படிக்கிறார்கள். அறிவியலைத் தமிழில் புரிந்துகொள்கிறார்கள். அவர்கள் படித்துச் சொன்னால் வீட்டிலுள்ளவர்களுக்கு விளங்கும்.

இந்த ஆண்டு எங்கள் பள்ளியில் ஒரு சிறு காரியம் தொடங்கினோம். சபைகூடும் இடத்தில் ஒரு கரும்பலகை. ஐந்தாம், ஆறாம் ஆண்டு மாணவர்கள் முறை வைத்து, தினமும் காலையில் அன்றைய வானிலை, காற்றுக் குறியீடு, டெங்கி நிலவரம் மூன்றையும் அரசாங்கத் தளங்களில் பார்த்துத் தமிழில் எழுதுகிறார்கள். முதலில் பிள்ளைகள்தான் பார்த்தார்கள். இப்போது பிள்ளையை விட வரும் தாய்மார்களும் மோட்டாரை நிறுத்திப் பார்க்கிறார்கள். காற்றுக் குறியீடு நூறைத் தாண்டிய ஒரு நாள், மருந்தடிக்கப் போகும் ஒரு அம்மா பலகையைப் படித்துவிட்டு, "மாஸ்க் எடுத்துக்கிட்டுப் போறேன் சார்" என்று வீட்டுக்குத் திரும்பிப் போனார்.

அன்று பெரட்டில் மேலிருந்து ஓர் ஆள் சொல்ல, கீழே நின்று கேட்டோம். இன்று நம் பிள்ளை எழுதுகிறது, நாம் படிக்கிறோம். நம் முன்னோர் உடம்பைக் கொடுத்து உண்டாக்கிய அறிவு இது. அதைக் கையில் வைத்துக்கொண்டு படிக்காமல் இருப்பது அவர்களுக்குச் செய்யும் நன்றி ஆகாது.

இன்று மேடையேறிப் பரிசு வாங்கும் மாணவச் செல்வங்களே! வீட்டுக்குப் போனதும் பரிசைக் காட்டுங்கள். அப்படியே அம்மாவிடம் நாளைய மழையையும் காற்றின் எண்ணையும் படித்துக் காட்டுங்கள். உங்கள் படிப்பின் பயன் அன்றைக்கே வீட்டில் தெரியும்.